பிழையும் வேறுபாடும்

பலர் கூடி ஒரு பொருளை ஆக்கும்போது எழுகின்ற பிணக்குகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில பிணக்குகளில் ஒருவர் கூற்று மெய்யாகவும் மற்றவர் கூற்றுப் பொய்யாகவும் இருக்கும். ஆராய்ந்து பார்த்தால் எது மெய்யென்பது தெளியும். வேறு சிலவற்றில் இருவர் கூற்றும் தம்மளவிற் குற்றமற்றனவாகவே இருக்கும். எனினும் இரண்டும் ஒருங்கே நடைமுறைக்கு வர இயலாது. முன்னையதைப் பிழை என்றும் பின்னையதை வேறுபாடு என்றும் பெயரிட்டுக்கொள்ளலாம். பிழையைத் தீர்ப்பதற்கு அறிவு போதும். வேறுபாட்டைத் தீர்ப்பதற்கு எது வேண்டும் என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் வினா. கொலை, களவு, பொய் முதலாய பெருங்குற்றங்களைப் பற்றி விரிவாகப் பேசும் அறநூல்கள் இவ்வினாவைப் பற்றி அத்துணை விரிவாகப் பேசுவதில்லை. ஆயினும் நாளாந்த வாழ்வில் நல்லவர்களை நல்லவர்களிடமிருந்து பிரித்துவைப்பது பெரும்பாலும் இதுவேயாகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே அமைந்த திருக்கோவிலைச் சூழ்ந்த வயல்வெளிகளில் இவ்வினாவுக்கு மிகப் பழைய விடையொன்று வழங்கிவருகின்றது. பெரும்போகம் தொடங்குமுன் வேளாண்மை செய்வோர் கூட்டம் கூடுவர். வாய்க்காலில் நீர் விடுவது எந்நாள், விதைத்து முடிப்பது எந்நாள், மாடுகளை வயற்பரப்பினின்றும் அப்புறப்படுத்துவது எந்நாள் என்பன அங்குத் தீர்மானிக்கப்படும். ஐப்பசியின் முதல் வாரமா, இரண்டாம் வாரமா என்று வாதிப்போர் இருவரும் சரியான காரணங்களையே கூறக்கூடும். ஆனால் தேதி ஒன்றாகத்தான் இருத்தல் வேண்டும். தனித்து முந்தி விதைத்தவனுடைய பயிர் நீரின்றி வாடும். தனித்துப் பிந்தி விதைத்தவனுடைய கதிரையோ, சுற்றயல் எங்கும் அறுவடை முடிந்தபின், பறவையும் பூச்சியும் ஒருங்கே வந்து தின்னும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் இப்பிரதேசத்தில், தீர்மானித்த தேதியை நடைமுறைப்படுத்தும் வட்டைவிதானையின் சொல்லுக்கு இருசாராரும் கட்டுப்படுவது அவர் கணக்கிற் கெட்டிக்காரர் என்பதனாலன்று. எல்லார்க்கும் பொதுவான ஒரு நாள் வேண்டும் என்பதனாலேயே.

கடற்கரையில் கரைவலை இழுப்போரிடத்தும் இதனையே காணலாம். வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் இழுப்பர். ஒரு கூட்டத்தாரின் கை விரைந்தால், வலையின் மடி ஒருபுறம் சாய, மீன் மறுபுறத்தால் வெளியேறிவிடும். எந்த வேகம் சரியான வேகம்? மற்றக் கயிற்றை இழுப்போரின் வேகமே சரியான வேகம். ஸ்கொத்லாந்து நாட்டு மெய்யியலாளராகிய டேவிட் ஹியூம், 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளியான தமது ‘மனித இயற்கை பற்றிய ஆய்வு’ என்னும் நூலில், ஒரே படகில் துடுப்பு வலிக்கும் இருவரை எடுத்துக்காட்டினார். அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் வாக்குக் கொடுத்தவரல்லர். எனினும் அவர்தம் கைகள் ஒத்தியங்குகின்றன. மனிதரின் நீதி, உடைமை, மொழி என்பனவும் இவ்வாறே தோன்றின என்பது அவர் கருத்து. கரைவலையைக் கண்டிருந்தால் படகைவிட அதனையே அவர் விரும்பியிருப்பார் போலும். படகில் இருவர் அருகருகே அமர்ந்திருப்பர். கரைவலையிலோ இரு கூட்டத்தாரும் நெடுந்தூரம் விலகி நின்று, ஒருவரையொருவர் கயிற்றின் இறுக்கத்தாலேயே அறிகின்றனர்.

வயலிலும் கடலிலும் உடன்பாட்டுக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்வோரும், கணிதம் போன்ற கண்டிப்பான துறையில் அதற்கு இடமில்லை என்று கருதக்கூடும். இரண்டும் இரண்டும் நான்கு என்பது கூட்டம் கூடித் தீர்மானித்த ஒன்றன்று. ஆனால் கணிதத்தைப் பலர் கூடி எழுதும்போது, அதிலும் ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதும்போது, நிலைமை வேறாகின்றது. அதற்குச் சிறந்த சான்று காவிக் கணிதமும் அதனைச் செய்வதற்கென ஆக்கப்பட்ட கணினி மென்பொருள்களுமாகும்.

அளவும் திசையும் கொண்ட கணியத்துக்கு இலங்கைப் பாடநூல்கள் காவி என்று பெயரிட்டன. தமிழ்நாட்டு நூல்கள் திசையன் என்றன. இலத்தீன் மூலச்சொல் சுமந்து செல்வது என்று பொருள்படும். ஒரு புள்ளியினின்று இன்னொரு புள்ளிக்குக் காவிச் செல்வதாதலால் காவி. காவுதல் என்ற வினை மட்டக்களப்புத் தேசத்துப் பேச்சில் இன்றும் உயிருடன் உள்ளது; முருகன் கோயிற் காவடியிலும் அதன் சாயல் தெரிகின்றது. திசையன் என்ற சொல்லோ அதன் இயல்பை நேரே உணர்த்துகின்றது. எது சிறந்தது? மூலச்சொல்லை நெருங்கியது காவி. புதிதாகக் கற்பவனுக்கு எளிதில் விளங்குவது திசையன். காவியுடை என்றொரு பொருளும் குறுக்கிடுகின்றதே என்பார்க்கும் விடை கூறத்தான் வேண்டும். இலங்கையர் ஆள்கூறு என்பதைத் தமிழ்நாட்டார் ஆயத்தொலை என்பர். பௌதிகவியல் அங்கு இயற்பியலாகும். இவற்றில் எதுவும் பிழையன்று. ஆயினும் திருக்கோவிலில் உயர்தர வகுப்புக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் தமிழ்நாட்டு நூலொன்றைக் கையிலெடுத்தால், முதற் பக்கத்திலேயே தான் அறிந்த பொருளை அறியாதவனாகின்றான். குற்றமற்ற இரண்டு தீர்மானங்களின் சுமையைத் தீர்மானத்திற் பங்குபற்றாத ஒருவன் சுமக்கின்றான் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சொல்லளவில் நின்றுவிடாது குறியீட்டளவிலும் இப்பிணக்குத் தொடர்ந்தது. அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹமில்ற்றன் 1843இல் நான்குறுப்பெண்களைக் கண்டார். பின்னர் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும் அவற்றிலிருந்து தேவையான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இன்றைய காவிக் கணிதத்தை அமைத்தனர். கிப்ஸ் தம் மாணவருக்கென 1881, 1884ஆம் ஆண்டுகளில் அச்சிட்ட குறிப்புகளே இதற்கு அடித்தளம். ஹமில்ற்றனின் வழிவந்த ரெயிற், இது தூய்மையைக் கெடுத்த கலப்பு என்று கடுஞ்சொல்லால் ஏளனம் செய்தார். 1890களில் ஆங்கில விஞ்ஞான ஏடுகளிற் பெரும் விவாதமே நிகழ்ந்தது. 1908இல் ரோமாபுரியிற் கூடிய சர்வதேசக் கணிதவியலாளர் மகாநாடு, காவிக் குறியீடுகளை ஒருமைப்படுத்துவதற்கென ஒரு குழுவை நியமித்தது. குழு எவ்வித முடிவையும் எட்டவில்லை. அதன் விளைவாகவே, இரு காவிகளின் குறுக்குப் பெருக்கத்தை ஆங்கிலேயர் பெருக்கற்குறியாலும் பிரெஞ்சுக்காரர் கூரைபோன்ற குறியாலும் இன்றும் எழுதுகின்றனர். பிரமாணங்களை ஐயமற நிறுவவல்ல பேரறிஞர்கள் ஒரு குறியைப் பற்றி ஒத்துப்போக இயலாதிருந்தமைக்குக் காரணம் அவர்தம் அறிவுக் குறைவன்று. வேறுபாட்டைப் பிழையென்று கொண்டமையே காரணம். தம் குறியீட்டைப் பாதுகாப்பது உண்மையைப் பாதுகாப்பதாகும் என்று ஒவ்வொருவரும் எண்ணினர்.

தாளில் எழுதும்வரை இதனாற் பெருந்தீங்கு விளையவில்லை. படிப்பவன் மனிதனாகையால் முன்பின் பார்த்து ஊகித்துக்கொள்வான். கணினி ஊகிப்பதில்லை. ஓர் உதாரணம் தகும். வெளியில் ஒரு புள்ளியைக் குறிக்க ஆரையையும் இரு கோணங்களையும் தருவது கோள ஆள்கூற்று முறை. முதற்கோணம் தீற்றா, இரண்டாங்கோணம் ஃபை. தீற்றா என்பது செங்குத்து அச்சிலிருந்து அளக்கப்படும் கோணம் என்பது பௌதிகவியலாளர் வழக்கு. சர்வதேச நியம நிறுவனமும் இதனையே கொண்டுள்ளது. அமெரிக்க நுண்கணிதப் பாடநூல்கள் பலவற்றில் தீற்றா கிடைத்தளத்திற் சுற்றி அளக்கப்படுவது. செங்குத்து அச்சிலிருந்து அளக்கப்படுவது ஃபை. மற்லாப் என்னும் புகழ்பெற்ற மென்பொருளோ முதலிற் சுற்றுக்கோணத்தையும் அடுத்துக் கிடைத்தளத்திலிருந்து மேலெழும் ஏற்றக்கோணத்தையும் கேட்கின்றது. ஆரை 10 அலகு, முதற்கோணம் 40 பாகை, இரண்டாங்கோணம் 20 பாகை எனக் கொடுத்தால், அப்புள்ளியின் உயரம் முதல் வழக்கின்படி 7.66, இரண்டாவதன்படி 9.40, மூன்றாவதன்படி 3.42. மூன்று விடைகளும் சரியானவை. மூன்றிலொன்றை மற்றொன்றென எண்ணிப் பாலம் கட்டுபவனுடைய பாலம் மட்டுமே விழும்.

இத்தகைய தீர்மானங்களைப் பலர் கூடி மேற்கொள்ள நேர்ந்த ஒரு நிகழ்வு நம் காலத்தது. சிம்பை என்பது குறியீட்டுக் கணிதம் செய்யும் மென்பொருள். எண்களாக அன்றி எழுத்துக்களாகவே வகையிட்டும் தொகையிட்டும் விடை தருவது. 2005ஆம் ஆண்டளவிற் செக் நாட்டைச் சேர்ந்த ஒந்த்ரே செர்டிக் தொடக்கிவைத்தது. பைதன் மொழியில் எழுதப்படும் இதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இதனை ஆக்குவோர் பல தேசத்தவர். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரிற் கண்டிராதவர். கூகிள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் வழியாக இந்தியப் பல்கலைக்கழக மாணவர் பலரும் இதிற் சேர்ந்தனர். (அதே திட்டத்தில் வேறு மென்பொருள்களுக்காக உழைத்தோருள் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் தொகை நெடுங்காலம் உலகின் முன்னணியில் நின்றது என்பதையும் இடையே கூறிவைத்தல் தகும்.) சிம்பையிற் சேர விரும்பும் மாணவர், விண்ணப்பிக்குமுன் சிறியதோர் திருத்தத்தையாவது எழுதி ஏற்கச்செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. பேசுமுன் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டுதல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

அம்மென்பொருளில் இயக்கவியலுக்கென எழுதப்பட்ட காவிப் பகுதியொன்று முன்னரே இருந்தது. சுழலும் பொருள்களின் இயக்கத்தை ஆராய்வோர்க்கு ஒரு காவி மாறுகின்றதா என்பது அதனைக் காண்பவர் எதனோடு சுழல்கின்றார் என்பதைப் பொறுத்தது. தோணியிற் கிடக்கும் துடுப்பு தோணியில் இருப்பவனுக்கு அசைவதில்லை. கரையில் நிற்பவனுக்கு அசைகின்றது. ஆகவே அவர்கள் தம் சட்டகத்துக்குத் திசையை மட்டும் கொடுத்தனர், தொடக்கப்புள்ளியைக் கொடுக்கவில்லை. மின்புலம், காந்தப்புலம், நீரோட்டம் என்பவற்றை ஆராய்வோர்க்கோ தொடக்கப்புள்ளி இன்றியமையாதது. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் புலத்தின் பெறுமானம் என்ன, அது எத்திசையில் மிகுதியாக ஏறுகின்றது, எங்கிருந்து பொங்குகின்றது, எங்கே சுழல்கின்றது என்பனவே அவர்தம் வினாக்கள். 2013, 2014ஆம் ஆண்டுகளில் மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டியோரும் இவ்விரு தேவைகளையும் ஆராய்ந்தனர். பழைய பகுதி இயக்கவியலினின்றும் பிரிக்கப்பட்டுத் தனித்தொகுதியாயிற்று. அதற்கும் புலங்களுக்குரிய செயல்கள் சேர்க்கப்பட்டன. பொதுவான காவிக் கணிதத்துக்கென இன்னொரு தொகுதி புதிதாக எழுதப்பட்டது. அது முதலிற் தெக்காட்டின் செங்கோண ஆள்கூறுகளை மட்டுமே அறிந்திருந்தது. 2017இற் கோள, உருளை ஆள்கூறுகள் அதிற் சேர்ந்தன. இரண்டு தொகுதிகளும் இன்றும் ஒரே மென்பொருளில் அருகருகே உள்ளன. புலமொன்றின் சுழற்சியைக் காணும் செயல் இரண்டிலும் உண்டு.

இது தோல்வியா? ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவதை ஒற்றுமையின்மைக்கு அடையாளமென்பது ஊர்வழக்கு. வீண் உழைப்பு என்று கூறுவோரின் வாதத்திலும் பொருளில்லாமலில்லை. ஆயினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. தொடக்கப்புள்ளி வேண்டாதாரையும் வேண்டுவாரையும் ஒரே சட்டகத்துள் அடைத்திருந்தால், எண்ணிக்கையிற் சிறியவர் தமக்கு ஒவ்வாததைச் சுமந்திருப்பர். அல்லது இருசாராரும் சுமந்திருப்பர். தேவை வேறாயிருக்குமிடத்து உருவமும் வேறாயிருக்க விடுதல் நேர்மையானது. கவனிக்கவேண்டிய செய்தி இன்னொன்று: ஒரு தொகுதியில் ஆக்கிய காவியை மற்றத் தொகுதியிடம் கொடுத்தால் அது வாங்கிக்கொள்வதில்லை, இது என் இனத்ததன்று என உரக்க மறுத்து நின்றுவிடுகின்றது. வேறுபாட்டுடன் வாழ்தற்கு முதல் நிபந்தனை இதுவே எனலாம். வேறுபாடு தன்னை மறைத்துக்கொள்ளுதல் கூடாது.

மறைந்தால் என்னாகும் என்பதற்கு 1999இல் நிகழ்ந்த ஒன்று போதும். செவ்வாயின் காலநிலையை ஆராய அமெரிக்கா அனுப்பிய விண்கலம் அவ்வாண்டு செப்ரெம்பர் 23ஆம் தேதி செவ்வாயை நெருங்குகையில் அழிந்தது. ஒரு சாராரின் மென்பொருள் உந்துகையை இறாத்தல் விசை அலகிற் கணித்துக் கொடுத்தது. மறுசாராரின் மென்பொருள் அதனை நியூற்றன் அலகென்று கொண்டது. இறாத்தலும் பொய்யன்று; நியூற்றனும் பொய்யன்று. இரு இடத்தும் இருந்தோர் தேர்ந்த வல்லுநரே. எண்ணின் அருகே அலகு எழுதப்படாத காரணத்தால், சரியான எண் பிழையான எண்ணாயிற்று. வேறுபாடு சொல்லப்படாதவிடத்துப் பிழையாக மாறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்துண்டு. அதுவே அறிவுடையோர் கூட்டங்களில் மிகுதியாக நிகழ்வது. பிழையை வேறுபாடென்று மூடிவைத்தல் அது. மேற்சொன்ன சிம்பையின் காவித் தொகுதிகளிற் குறுக்குப் பெருக்கத்துக்குக் கூரைக்குறியும் வழங்குகின்றது. அக்குறி பைதன் மொழிக்குரியது. அம்மொழியை வகுத்தோர் அதனை வேறொரு காரியத்துக்கென ஆக்கி, கூட்டற்குறியைவிடக் குறைந்த முதன்மையை அதற்கு அளித்திருந்தனர். எனவே ஒரு காவியோடு, வேறிரு காவிகளின் குறுக்குப் பெருக்கத்தைக் கூட்ட விரும்புபவர் அடைப்புக்குறி இடாது எழுதினால், கூட்டல் முதலிலும் பெருக்கம் பின்னரும் நிகழ்ந்து விடை மாறிவிடும். இதனைச் சிலர் நடைமுறை வேறுபாடு என்று கூறித் தப்பலாம். ஆனால் பெருக்கம் கூட்டலுக்கு முந்தியது என்று உலகமெங்கும் கற்றுவந்த மாணவனுக்கு இது பொறியேயாகும். காவிகளைப் பற்றிச் சற்றும் நினையாத முன்னோரின் தீர்மானமொன்று, அவர்களை அறியாத பின்னோரைக் கட்டுகின்றது. ஆக்கியோர் செய்யக்கூடியதாக இருந்தது, அடைப்புக்குறி இடுக என்று விளக்கநூலில் எச்சரிப்பதே. எச்சரித்தனர். அது சிறிய செயலன்று. என்றாலும் எச்சரிக்கையை எல்லாரும் வாசிப்பதில்லை.

இனி, உடன்பாட்டை எட்டுதற்குக் காலமே இல்லாத நிலையையும் நோக்குதல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவருள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். கல்முனையும் மருதமுனையும் போலத் திருக்கோவிற் கரையும் தப்பவில்லை. அப்போது இலங்கை மென்பொருளாளர் சிலர் தாமாக முன்வந்து, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருள்கள் ஆகியவற்றின் விபரங்களைத் திரட்டும் மென்பொருளொன்றைச் சில நாள்களிலேயே ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் ‘சஹன’ என்பது அதன் பெயர். லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் அது பின்னர் ஆற அமர மீண்டும் எழுதப்பட்டது. 2005இற் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

அந்நாள்களிற் பெயரை எவ்வாறு எழுதுவது, குடும்பத்தை எவ்வாறு வகுப்பது என்று கூட்டம் வைத்து விவாதிப்பது கொடுமையாகியிருக்கும். இயங்கக்கூடிய எதனையேனும் முதலிற் கொண்டுவருபவனே தீர்மானிப்பவனாதல் அப்போது நியாயம். ஆயினும் அந்நியாயம் நெருக்கடியிற் பிறந்தது, நெருக்கடியோடு முடியவேண்டியது. பாத்திமா என்ற ஒரு பெயரையே ஆங்கில எழுத்தில் நால்வர் நான்குவிதமாக எழுதக்கூடிய நாடு இது. தமிழிற் சொல்லப்படும் பெயரைச் சிங்களம் பேசுபவர் ஆங்கிலத்திற் பதியக்கூடிய நாடும் இதுவே. ஒரு முகாமில் ஒருவிதமாகவும் இன்னொரு முகாமில் வேறுவிதமாகவும் பதியப்படும் பிள்ளையைத் தேடும் தாய்க்கு, அவ்வெழுத்துக்களுள் எதுவும் பிழையன்று என்று கூறுவதால் என்ன பயன்? அவசரத்தில் ஒரு விதத்தைத் தெரிந்தவன் குற்றவாளியல்லன். அவசரம் நீங்கியபின்னும், தான் தெரிந்தது என்பதற்காகவே அதனைப் பேணுபவன் குற்றத்தை நெருங்குகின்றான். சஹன மீண்டும் எழுதப்பட்டமையின் சிறப்பு இங்குதான் உள்ளது. உயிர்காத்த நிரலையும் விட்டுவிடும் துணிவு எல்லா ஆக்கியோர்க்கும் வாய்ப்பதன்று.

முந்தியவன் வைத்ததே சட்டம் என்னும் நிலை மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. திருக்கோவிற் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பல ஊரார் கூடுகின்றனர். இத்தேசத்துப் பழங்கோயில்களில் இன்ன குடிக்கு இன்ன கடமை, இன்ன ஊருக்கு இன்ன முறை என்று முன்னோர் பகுத்துவைத்தமை, பெருங்கூட்டம் கலகமின்றிக் காரியமாற்றுவதற்கே என்று கொள்ளலாம். நாளடைவிற் கடமை வரிசையாகவும் வரிசை பெருமையாகவும் மாறிற்று. யார் முதலில் என்பது வசதிக்காக ஏற்பட்டது என்பதை மறந்து, அதனைத் தம் மேன்மைக்குச் சான்றாகக் கொண்டோர் வண்ணக்கர் முன்னிலையிலும் நீதிமன்றங்களிலும் வழக்காடியதுண்டு. மென்பொருளாளரிடையே குறியீட்டுக்காக நிகழும் சண்டைகளைக் காண்போர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆகவே உடன்பாட்டைப் பேணுதல் என்பது ஒருமுறை முடிவுசெய்துவிட்டு அடங்குதலன்று. அம்முடிவு எதற்காக எடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருத்தலும் அதனுள் அடங்கும். வள்ளுவர் ஒப்புரவுக்கெனத் தனியதிகாரம் வகுத்தார். ஈகைக்கு முன்னே அதனை வைத்தார். கொடுப்பதற்கு முன், உலகோடு ஒத்து நடப்பதை அறிதல் வேண்டும் என்ற முறைவைப்பு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

மாற்றுதல் சில வேளைகளில் அவசியமாயின், அதனை எவ்வாறு மாற்றுவது? மேம்பட்ட ஒன்றைக் கண்டவன் உடனே பழையதை நீக்கிவிடும் உரிமையுடையவன் என்பார் உளர். அது தன் நிலத்திற் தனித்து நிற்பவனுக்குப் பொருந்தும். பலர் மேலேறி நிற்கும் ஏணியை, இதனினும் நல்ல ஏணி கிடைத்தது என்று கூறி இழுப்பவன் நல்லவனாகான். முதலிற் தீற்றாவையோ ஃபையையோ தெரிந்தது வெறும் தெரிவுதான். ஆனால் அதனை நம்பி ஒருவன் தன் கணக்கை எழுதியவுடன் அத்தெரிவு கடனாகிவிடுகின்றது. கடன் கொடுத்தவன் யார் என்பது கடன்பட்டவனுக்குத் தெரியாது. அவன் எந்நாட்டவன், எக்கணக்கைச் செய்தான் என்பதும் தெரியாது. தெரியாதவனுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதே இத்தொழிலிற் கடினமான பகுதி. பாராட்டு எதுவும் வாராத பகுதியும் அதுவே. புதுவதை எழுதியவன் பெயர் வெளியீட்டுக் குறிப்பில் வரும். பழையதைக் கெடாது காத்தவனை யாரும் அறிவதில்லை.

சிம்பையை ஆக்குவோர் இதற்கொரு விதி வைத்துள்ளனர். நீக்கப்படவுள்ள எதனையும் உடனே நீக்குவதில்லை. அது நீக்கப்படவிருக்கின்றது என்ற எச்சரிக்கையுடன் குறைந்தது ஓராண்டுக்காயினும் வைத்திருப்பர். பயன்படுத்துவோன் தன் நிரலைத் திருத்திக்கொள்ள அவகாசம் அது. நேர்மையான விதியென்பதில் ஐயமில்லை; விலைக்கு விற்கப்படும் மென்பொருள்கள் பலவற்றில் இத்துணைப் பொறுமை இல்லை. எனினும் ஓராண்டு என்பதும் ஒரு தெரிவே. நாள்தோறும் புதிய பதிப்பைப் பெறும் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவனுக்கு அது நீண்ட காலம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை ஆண்டுக்கொருமுறை மட்டும் நடத்தும் விரிவுரையாளருக்கு அது ஒரேயொரு வகுப்பின் ஆயுள். பழைய கணினியில் யாரோ பதித்துக் கொடுத்த பதிப்பையே பல்லாண்டு பயன்படுத்தும் கிராமப் பாடசாலைக்கு, எச்சரிக்கை வந்து சேருமுன்னரே அவகாசம் முடிந்துவிடும். நீர் திறக்கும் தேதியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவனும் எழுந்து பேசலாம். தன் வயலுக்கு நீர் வந்து சேர மற்றவரைவிட அதிக நாள் செல்லும் என்று அவன் கூறுவான், அதற்கேற்ப நாள் தள்ளப்படவும் கூடும். அந்த ஓராண்டைத் தீர்மானித்தபோது வாய்க்காலின் கடைசியில் இருந்தவன் எவனும் அங்கு இருக்கவில்லை.